வலி மறந்த பாதங்களும் கரிகிரிச் செருப்பும்

தொழுநோயால் உணர்ச்சி போன ஒரு பாதத்தைச் சில மாத இடைவெளிகளில் எக்ஸ்ரே எடுத்து, படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மனம் பதறும். முதல் படத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். அடுத்ததில், கணுக்காலுக்கு முன்னால் இருக்கும் படகெலும்பில் மெல்லிய கீறல் ஒன்று தெரியும். அதற்கடுத்ததில் அந்த எலும்பு பிளந்து, நடுப்பாதத்தின் வளைவு இறங்கியிருக்கும். கடைசிப் படத்தில் எலும்புகள் நொறுங்கி ஒன்றோடொன்று செருகிக்கொண்டிருக்கும். உள்ளங்கால் வெளிப்பக்கமாகப் புடைத்து, தரையில் முதலில் படுவதே அந்தப் புடைப்பாக இருக்கும். இத்தனையும் நடந்த காலம் முழுக்க அந்தக் காலுக்கு உரியவர் நடந்துகொண்டேதான் இருந்திருப்பார். குடம் சுமந்திருப்பார், களை பறித்திருப்பார், பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பார். ஒரு நாளும் வலித்திருக்காது.

இந்தப் புதிர் அவிழ்ந்த முக்கியமான இடங்களில் ஒன்று நம் வட ஆர்க்காட்டு மண். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், ஊரைத் தாண்டிச் சில மைல் தொலைவில் இருக்கும் கரிகிரியிலும் 1940களின் இறுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த வேலைதான், இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றும் மருத்துவத்துக்கு அடித்தளம். அந்த வேலையின் மையத்தில் இருந்தது கத்தியோ ஊசி மருந்தோ அல்ல, ஒரு ஜோடிச் செருப்பு.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52 எலும்புகள். மனித உடலின் 206 எலும்புகளில் கால்வாசி இங்கேயே இருக்கிறது. குதிகாலில் தொடங்கி நடுப்பாதம் வரை ஏழு எலும்புகள். அவற்றிலிருந்து விரல்களை நோக்கி நீளும் ஐந்து எலும்புகள். விரல்களில் பதினான்கு. இவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே, முழங்காலிலிருந்து இறங்கும் இரண்டு எலும்புகளின் பிடிக்குள் உட்கார்ந்திருப்பது தாலஸ். உடலின் முழு எடையும் முதலில் இதன் மீதுதான் இறங்குகிறது. பிறகு பாதி பின்னால் குதிகாலுக்கும் பாதி முன்னால் விரலடிக்கும் பிரிகிறது. இவ்வளவு சுமக்கும் இந்த எலும்பில் ஒரு தசைகூட வந்து ஒட்டுவதில்லை. சுற்றியுள்ள எலும்புகளும் தசைநார்களும் பிடித்திருப்பதால்தான் அது இடத்தில் நிற்கிறது. கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறது. தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே உள்ள மூட்டு உள்ளும் புறமும் சாய்க்கிறது. வரப்பில் நடக்கிறவர் விழாமல் நடப்பது இந்த இரண்டாவது மூட்டின் தயவால்தான்.

இவ்வளவு நுட்பமான அமைப்பு வாழ்நாள் முழுக்க உடையாமல் இருப்பதற்குக் காரணம் எலும்பின் வலிமை மட்டும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை என்று காட்டியவர்களில் முதன்மையானவர் பால் பிராண்ட்.

அவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் இருவரும் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேய மிஷனரிகள். மலைப் பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடி வளர்ந்தவன் அந்தச் சிறுவன். ஒரு நாள் தொழுநோய் கண்டவர்கள் வீடு தேடி வந்தபோது தந்தை கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய கால் புண்களுக்கு மருந்து கட்டியதை அவர் தம் நூல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். மற்ற நோயாளிகளிடம் அப்பா கையுறை போட்டதே இல்லை என்பது அந்த வயதிலேயே அவருக்கு உறைத்தது. படிப்புக்காக இங்கிலாந்து போனவர், அறுவை மருத்துவராகி 1946இல் வேலூருக்கு வந்தார்.

தொழுநோய் மருத்துவத்தில் அப்போது பெரும் பெயர் ராபர்ட் காக்ரேன். அவர் செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு பிராண்டை அழைத்துப் போனார். மடங்கிப்போன விரல்களையும் குட்டையாகித் தேய்ந்த பாதங்களையும் பார்த்த எலும்பு மருத்துவர், இவை ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அதற்கு முன் எந்த எலும்பு மருத்துவரும் அந்த வாசலில் வந்து நின்று அப்படிக் கேட்கவில்லை என்பதே காக்ரேனின் ஆதங்கம். தொழுநோய் என்றால் சதை அழுகும், விரல் உதிரும், அது அந்த நோயின் குணம் என்று மருத்துவர்களும் நம்பினார்கள், ஊரும் நம்பியது.

பிராண்ட் முதலில் கைகளை எடுத்துக்கொண்டார். செயலிழந்த தசையின் வேலையை நல்ல தசை ஒன்றுக்கு மாற்றி, மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை முறை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆனால் கை நிமிர்ந்து வீடு போனவர்கள் சில மாதங்களில் கால் புண்ணோடு திரும்பி வந்தார்கள். படுக்கையில் வைத்தால் புண் ஆறியது. எழுந்து நடந்ததும் அதே இடத்தில் மறுபடி வெடித்தது. கிருமியை அடக்க டாப்சோன் மருந்து வந்துவிட்டிருந்த காலம் அது. உடலில் கிருமியே இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகும் பாதம் கரைந்துகொண்டிருந்தது. அப்படியானால் பாதத்தைத் தின்பது கிருமி அல்ல.

பதிலைத் தேட அவர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எப்போது உட்காருகிறார்கள், எப்படி நடக்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்பதையெல்லாம் கவனித்தார்கள். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கியவர்கள் உண்டு. இரவில் தூங்கும்போது எலி கடித்து விரல் போனவர்களும் உண்டு, காலையில்தான் அவர்களுக்கே தெரியும். அதன் பிறகு வீடு திரும்புகிறவர்களோடு ஒரு பூனையும் அனுப்பி வைக்கப்பட்டது. பாதத்தைப் பொறுத்தவரை காரணம் இன்னும் மறைவாக இருந்தது. முள் குத்தியதாலோ கண்ணாடி வெட்டியதாலோ வந்த புண்கள் ஒரு பகுதிதான். மற்றவை, வெளியே ஒரு காயமும் இல்லாத இடத்தில், பெரும்பாலும் பெருவிரலின் அடியிலும் விரலடி எலும்புகளின் முனைக்குக் கீழேயும் உள்ளிருந்து கிளம்பின.

உணர்ச்சியுள்ள மனிதர் நெடுந்தொலைவு நடக்கும்போது தம்மையறியாமல் நடையை மாற்றுகிறார். ஓரிடம் கன்றத் தொடங்கியதும் எடையை வேறிடத்துக்கு நகர்த்துகிறார், அடியைச் சுருக்குகிறார், கொஞ்சம் நொண்டுகிறார், பிறகு உட்கார்ந்துவிடுகிறார். மரத்துப்போன பாதம் முதல் அடியை வைத்தது போலவே ஆயிரமாவது அடியையும் வைக்கிறது. அதே இடம் மறுபடி மறுபடி அழுந்துகிறது. சதை சூடேறுகிறது, உள்ளே வீங்குகிறது, கொப்புளம் கட்டிச் சீழ் பிடிக்கிறது. திறந்த புண்ணின் மீதும் அவர் நொண்டாமல் நடக்கிறார். அந்த நொண்டாத நடைதான் நோய்.

உணர்ச்சி ஏன் போகிறது என்பதற்கும் உடலமைப்பிலேயே விடை இருந்தது. தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளை அது தாக்குகிறது. உள்ளங்கால் முழுவதற்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு, கணுக்காலின் உட்பக்க மேட்டுக்குப் பின்னால் தோலை ஒட்டி இறங்குகிறது. அது செயலிழந்தால் வலி மட்டும் போவதில்லை. பாதத்தின் சிறு தசைகள் வாடி விரல்கள் பறவை நகம் போல் மடங்குகின்றன. வியர்வையும் நின்றுபோய், உள்ளங்கால் காய்ந்து வெடிக்கிறது. முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் இன்னொரு நரம்பு போனால் பாதம் தொங்கிவிடும். அப்படித் தொங்கிய பாதத்தைத் தூக்க, கணுக்காலை உள்ளே இழுக்கும் தசையின் நாரை முன்பக்கம் மாற்றித் தைக்கும் அறுவையை வேலூரில் செய்தார்கள். பின்னாளில் இத்துறையின் பாடநூலை எழுதிய எர்னஸ்ட் ஃபிரிட்ஷி அந்தக் குழுவில் உருவானவர்தான்.

வலி எவ்வளவு பெரிய கொடை என்பது பிராண்டுக்கே ஓரிரவு உறைத்தது. 1950களின் தொடக்கத்தில், நீண்ட பயணம் முடித்து லண்டனில் ஓர் அறையில் காலுறையைக் கழற்றியபோது ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார், ரத்தம் துளிர்த்தது, வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று முடிவு செய்து, குடும்பத்தை விட்டு விலகி வாழப்போவதை எண்ணி விடிய விடியத் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுருக்கென்று வலித்தது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருந்ததுதான் காரணம். அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாக அவர் எழுதினார்.

புண்ணை ஆற்றும் வழி தென்னாசியாவில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. 1930களில் கொழும்பில் அறுவை மருத்துவரான மில்ராய் பால் என்ற இலங்கைத் தமிழர், தொழுநோயாளிகளின் பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிட்டுப் புண்ணை ஆற்றினார். 1939இல் இந்தியாவிலும் ஜோசப் கான் என்ற மருத்துவர் இதே முறையைப் பற்றி எழுதினார். பாதத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கும் மாவுக்கட்டு, அடி வைக்கும்போது விழும் எடையை ஒரே புள்ளியில் விடாமல் கால் முழுக்கப் பரப்பிவிடுகிறது. களிம்பு தடவி ஆண்டுக்கணக்கில் ஆறாத புண் சில வாரங்களில் மூடியது. பிராண்டின் குழு இதை முறையாகக் கையாண்டது. ஆனால் கட்டைப் பிரித்தபின் என்ன செய்வது? மாவுக்கட்டோடு ஆயுள் முழுக்க நடக்க முடியாதே.

அங்கேதான் செருப்பு வருகிறது.

1955இல் கரிகிரியில் ஷிஃபலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை தொடங்கப்பட்டது. மரக்கட்டை, மெழுகு, பிளாஸ்டிக் என்று பல பொருள்களைச் சோதித்துப் பார்த்தபின் பிராண்டின் குழு வந்து நின்ற இடம், நுண்ணறைகள் கொண்ட ரப்பர். ஆங்கில முதலெழுத்துகளால் எம்.சி.ஆர். என்று அழைக்கப்படும் இந்த ரப்பர் ஷீட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்திருக்கும். அதன் கடினத்தன்மை ஷோர் அளவில் ஏறத்தாழ 15 இருக்கும்படி செய்தார்கள். ஹவாய் செருப்பின் ரப்பர் இதைவிடக் கெட்டி. இது அதற்கும் கீழ், ஆனால் பஞ்சைப் போல் அடிவரை அமுங்கிவிடவும் கூடாது. விரலடி எலும்பின் முனை எங்கே குத்துகிறதோ அங்கே ரப்பர் இறங்கிக் கொடுத்து, சுற்றிலும் தாங்கிப் பிடிக்கும்.

ஷீட் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. நோயாளியின் பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அளவெடுக்க வேண்டும். உள்ளே எம்.சி.ஆர்., அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். வேலிக்காத்தான் முள் கிடக்கும் தடங்களில் நடக்கிறவர்களுக்கு அந்த அடித்தளம் இல்லாவிட்டால் மெத்தென்ற ரப்பரால் பயனில்லை. ஆணி கூடவே கூடாது, பசையும் தையலும்தான், ஏனென்றால் ஓர் ஆணி மேலே கிளம்பினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் வைக்கக்கூடாது, மரத்த விரலால் அதைப் பிடிக்க முடியாது. பதிலாகக் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் வேண்டும், இல்லாவிட்டால் செருப்பு நழுவியதே தெரியாமல் மனிதர் நடந்து போய்விடுவார். பாதம் குட்டையானவர்களுக்கு, அடித்தட்டை வளையாத பலகையாக்கி, விரலடிக்குச் சற்றுப் பின்னால் ஒரு மேடு வைத்து, முன்னோக்கி உருளும்படி செய்தார்கள். அப்படிச் செய்தால் பாதம் மடங்காமலே அடுத்த அடி எடுக்கலாம்.

இதையெல்லாம் தைத்தவர்கள் மருத்துவமனைப் பட்டறையின் செருப்புத் தொழிலாளர்கள். அவர்களில் நோயிலிருந்து மீண்டவர்களும் இருந்தார்கள். தோலை அறுப்பதும் வார் இழுப்பதும் அந்த ஊர்க் கைகளுக்குப் புதிதல்ல. வேலூரைச் சுற்றி ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எங்கும் தோல் தொழில்தான். அறுவை செய்தவர்களின் பெயர்கள் மருத்துவ வரலாற்றில் நிலைத்திருக்கின்றன. ஒவ்வொரு காலையும் மடியில் ஏந்தி அளவெடுத்தவர்களின் பெயர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். ஒரு காலில் புண் திரும்பி வராமல் போனதற்கு அந்தக் கைகளின் பங்கு சற்றும் குறைந்ததல்ல.

எலும்புகள் நொறுங்கும் புதிரின் விடை 1966இல் அச்சேறியது. ஜே.ஆர். ஹாரிஸும் பிராண்டும் பிரிட்டனின் எலும்பு அறுவை மருத்துவ இதழில், உணர்ச்சியற்ற பாதத்தின் எலும்புகள் சிதையும் விதத்தை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். குதிகால் எலும்பு உடைவது ஒன்று. தாலஸ் நசுங்குவது இரண்டாவது. உட்பக்க வளைவு, தாலஸின் முனையும் படகெலும்பும் சேரும் இடத்தில் சரிவது மூன்றாவது. வெளிப்பக்க வளைவு சரிவது நான்காவது. விரலடி எலும்புகள் நடுப்பாதத்தோடு சேரும் மூட்டு வரிசை குலைவது ஐந்தாவது. 1868இலேயே பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, நரம்பு கெட்டவர்களின் மூட்டுகள் அழிவதை எழுதியிருந்தார். கரிகிரி தந்த புதிய செய்தி, இது தலைவிதி அல்ல என்பதுதான். எலும்பில் கீறல் விழுந்த கட்டத்தில் பாதம் வீங்கிச் சூடாக இருக்கும். மற்றக் காலோடு ஒப்பிட்டுப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும். அப்போதே மாவுக்கட்டுப் போட்டுப் பல மாதம் அசையாமல் வைத்தால் எலும்பு கூடிவிடும், வளைவு தப்பிவிடும். வலிக்கவில்லையே என்று விட்டால் அந்தப் பாதம் போய்விடும்.

இந்த வரலாற்றில் கசப்பான பக்கம் ஒன்றும் உண்டு. காலைக் காத்த செருப்பே, போட்டிருப்பவர் யாரென்று ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. கறுப்பாக, தடித்த அடியோடு, பின்வார் வைத்த அந்தச் செருப்பைத் தெருவில் பார்த்தவர்கள் ஒதுங்கினார்கள். டீக்கடையில் தம்ளர் கிடைக்காமல் போகும், மகளுக்கு வந்த வரன் நின்றுபோகும் என்ற அச்சத்தில் பலர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்காலில் கிளம்பினார்கள், புண்ணோடு திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல நியாயமே இல்லை. கடைச் செருப்பைப் போலவே தோற்றமளிக்கும் வடிவங்களைப் பட்டறைகள் பின்னர் தைக்கத் தொடங்கின. அதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பொறியாளர்களோடு சேர்ந்து ஒரு காலுறை செய்தார்கள். அதில் சாயம் நிரப்பிய நுண்குமிழ்கள் இருந்தன. போட்டு நடந்தால், அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழ்கள் உடைந்து நிறம் மாறும். வலி சொல்ல வேண்டியதை நிறம் சொன்னது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களைப் பார்த்த பிராண்டுக்கு அவை புதியவையாகத் தெரியவில்லை. அதே இடம், அதே விளிம்பு, அதே நொண்டாத நடை. அதுவரை அந்தப் புண்களுக்குக் கெட்ட ரத்த ஓட்டமே காரணம் என்று கூறி, காலை வெட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. அட்லாண்டாவின் நீரிழிவு மருத்துவர் ஜான் டேவிட்சன் போன்றவர்கள், வரும் ஒவ்வொரு நோயாளியின் செருப்பையும் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கத் தொடங்கியதும் வெட்டப்பட்ட கால்களின் எண்ணிக்கை குறைந்தது. இன்று உலகெங்கும் உள்ளங்காலில் நைலான் இழையை வைத்து உணர்ச்சி பார்க்கும் சோதனையின் அளவு நிலைபெற்றதிலும் கார்விலின் பங்கு பெரிது.

கரிகிரியில் தொடங்கிய அறிவு தமிழ்நாட்டுக்கும் திரும்பி வந்தது. சென்னை ராயபுரத்து நீரிழிவு மருத்துவர்கள், உணர்ச்சி குறைந்த பாதம் கொண்ட நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். உள்ளிட்ட மென்தளச் செருப்புகளைக் கொடுத்துச் சோதித்து, 2004இல் வெளியிட்டார்கள். வழக்கமான செருப்பிலேயே இருந்தவர்களைவிட இவர்களுக்குப் புதிய புண் மிகக் குறைவாகவே வந்தது. இப்போது செருப்புக் கடைகளில் "சுகர் பேஷண்ட் செருப்பு" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் இதே ரப்பரைத்தான்.

இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. வீட்டுக்குள் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால் என்பது நம் பழக்கம். சித்திரை வெயிலில் பிராகாரக் கல்லில் நடந்து, உள்ளங்கால் கொப்பளித்ததே தெரியாமல் வீடு திரும்புகிற பெரியவர்கள் ஒவ்வொரு கோடையிலும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். தொழுநோய்த் திட்டத்தில் பாதம் மரத்தவர்களுக்கு அரசு எம்.சி.ஆர். செருப்பை இலவசமாகக் கொடுக்கிறது. அதே தேவை உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது கிடைக்க வேண்டும். அதுவரை வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால், இரவு படுக்கும் முன் அவர்களுடைய உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டு பாதங்களையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். எம்.சி.ஆர். செருப்பு வைத்திருந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதன் தளத்தை அழுத்திப் பாருங்கள். ரப்பர் முழுவதும் அமுங்கி, மேலெழாமல் அப்படியே நின்றால், அந்தச் செருப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது.